வைத்தியர் வராத வீடு

1889ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி பேர்லின் லெஸ்ஸிங் தியேட்டரில் ஒரு பகற்காட்சி. கெர்ஹார்ட் ஹவுப்ட்மான் என்ற இருபத்தாறு வயது இளைஞரின் 'சூரிய உதயத்துக்கு முன்' மேடையேறியது. அவரை அதுவரை அநேகமாக யாருக்கும் தெரியாது. ஓட்டோ பிராமும் நண்பர்களும் அந்த வருடம் தொடங்கியிருந்த 'சுதந்திர மேடை' என்ற சங்கத்தின் தயாரிப்பு அது. அங்கத்தவர்களுக்கு மட்டுமான காட்சி என்பதால் பொலிஸ் தணிக்கை அதைத் தொட முடியாது. நாடகத்தில் ஒரு பிரசவம் மேடைக்கு வெளியே நடக்கிறது. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, சபையில் இருந்த கஸ்டான் என்ற வைத்தியர் எழுந்து, கையோடு கொண்டுவந்திருந்த இடுக்கியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். 'ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை' என்று ஊரில் சொல்வோமே, அந்த ஆயுதம். உங்களுக்கு உண்மைதானே வேண்டும், இதையும் மேடையில் வையுங்கோவன் என்கிற மாதிரி.

ஜெர்மன் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு பகிடியாகவே சொல்லிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வைத்தியரில் வேறொரு ஈடுபாடு உண்டு. இந்த இயற்பண்பு நாடகங்களில் எங்கே பார்த்தாலும் ஒரு வைத்தியர் நிற்கிறார். கடைசி வார்த்தை பெரும்பாலும் அவருடையது. 'சூரிய உதயத்துக்கு முன்' நாடகத்தில் லோட் என்ற சமூக சீர்திருத்தக்காரன், நிலத்துக்கு அடியில் நிலக்கரி கிடைத்ததால் திடீர்ப் பணக்காரரான ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வருகிறான். அந்த வீட்டு மகள் ஹெலெனெயை விரும்புகிறான். அந்தக் குடும்பமே குடியில் அழுகிப்போனது, அது இரத்தத்தில் தொடரும் என்று வைத்தியர் சொன்னதும், ஒரு கடிதத்தை வைத்துவிட்டு நழுவிப் போகிறான். அவள் கத்தியை எடுத்துக்கொள்கிறாள்.

அந்தக் காலத்தவர்களுக்கு இது சாணி மணக்கும் யதார்த்தம். இன்றைக்கு வாசிக்கும்போது எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. நான்காம் அங்கத்தில் முற்றத்துப் பந்தலில் அந்த இரண்டு பேரும் பேசும் காதல் காட்சியில் அப்படியொரு மென்மை. அதை மனோரதியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, அதுதான் அந்த நாடகத்தில் மிக உண்மையான இடம். விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு பெண்ணைக் கைவிட்டுப் போகும் லோட்தான் நாடகத்திலேயே பெரிய கனவுக்காரன். அவனுடைய கனவு யதார்த்தத்தின் கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் விமர்சகர்கள் 'இயற்பண்பு நாடகம்', 'மோடியுற்ற நாடகம்' என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அது மேடையின் வெளித்தோற்றத்தைப் பற்றிய பிரிப்பு. இயற்பண்பு நாடகத்துக்கு உள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. அதே குசினி, அதே கதிரை, அதே பேச்சு. ஒரு நாடகாசிரியர் அந்தக் குசினியைத் திரை விழும்வரை குசினியாகவே விட்டுவிடுகிறார். இன்னொருவர் அதன் ஒரு சுவரைத் திறந்துவிடுகிறார். முதலாவதை யதார்த்தப் பாங்கு என்றும் இரண்டாவதை மனோரதியப் பாங்கு என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலாவதுக்கு நல்ல உதாரணம், அதே 'சுதந்திர மேடை' 1890இல் போட்ட 'ஸெலிக்கெ குடும்பம்'. அர்னோ ஹோல்ஸும் யோகன்னஸ் ஷ்லாபும் சேர்ந்து எழுதியது. பேர்லினில் ஒரு நத்தார் இரவு. அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அம்மா புறுபுறுக்கிறாள். கடைசி மகள் நோயோடு படுத்திருக்கிறாள். அப்பா வெறியில் வந்து சேர்கிறார். பிள்ளை செத்துப்போகிறது. மூத்த மகள், தன்னைக் கட்டக் கேட்கிறவனிடம் இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். முடிந்தது. நத்தாரைத் தீபாவளி ஆக்கினால் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் பொருந்தும். கலை என்பது இயற்கையில் ஓர் 'எக்ஸ்'ஐக் கழித்தது, அந்த எக்ஸைச் சிறிதாக்குவதே கலைஞனின் வேலை என்பது ஹோல்ஸின் சூத்திரம். அந்த நாடகத்தில் எக்ஸ் உண்மையிலேயே மிகச் சிறியது. வாசித்து முடித்தபோது எனக்கு மூச்சுமுட்டியது. பாராட்டாகவே சொல்கிறேன், ஆனால் இரண்டாம் தரம் வாசிக்க மனம் வரவில்லை.

இரண்டாவதுக்கு உதாரணம் ஹவுப்ட்மானே எழுதிய 'ஹன்னெலெயின் விண்ணேற்றம்'. கார்ல் மார்க்ஸ் வீதியில், கடைத்தொகுதிக்கு மேலே இருக்கும் ஹெலனெ நாத்தான் நூலகத்தில் இருந்து எடுத்து வாசித்தேன். அது 1893 நவம்பரில் பேர்லின் அரச நாடக அரங்கில் மேடையேறியது. மலைக் கிராமத்து ஏழைகள் மடம் ஒன்று, வெளியே பனி. உள்ளே பிச்சைக்காரர்கள் ஒரு துண்டு உணவுக்குச் சண்டை பிடிக்கிறார்கள். பதினான்கு வயது ஹன்னெலெயைப் பள்ளிக்கூட வாத்தியார் தூக்கிக்கொண்டு வருகிறார். குடிகாரச் சிறியதகப்பனின் அடி தாங்க முடியாமல் குளத்துக்குள் இறங்கிய பிள்ளை அவள். கட்டிலில் கிடத்துகிறார்கள். காய்ச்சல் ஏறுகிறது. சுவர் திறக்கிறது. தேவதூதர்கள் வருகிறார்கள். கிராமத்துத் தையற்காரர் மணப்பெண் உடுப்பும் கண்ணாடிச் சப்பாத்தும் கொண்டு வருகிறார். பகிடி பண்ணிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்கிறார்கள். கடைசியாக ஓர் அந்நியர் வந்து அவளை எழுப்புகிறார், அவருக்கு வாத்தியாரின் முகம். உரைநடை பாட்டாகிவிடுகிறது. பிறகு எல்லாம் மறைந்து, பழையபடி ஏழைகள் மடம். வைத்தியர் குனிந்து பார்க்கிறார். பிள்ளை செத்துவிட்டது.

ஹவுப்ட்மான் இயற்பண்பு நெறியைக் கைவிட்டுவிட்டார் என்று இதை வைத்துச் சொன்னவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கனவில் வருகிறவை எல்லாம் ஹன்னெலெ தன் வாழ்க்கையில் கண்டவையும் கேட்டவையும்தான். வாத்தியார், தையற்காரர், தாதி, பள்ளியில் படித்த பாட்டு, யாரோ சொன்ன தேவதைக் கதை. அவளுக்குத் தெரியாத ஒன்றும் அவளுடைய சொர்க்கத்துக்குள் வரவில்லை. ஒரு ஏழைப் பிள்ளையின் சொர்க்கம் எவ்வளவு சிறியது என்பதை அளந்து காட்டுகிற நாடகம் இது. அந்த அளவை ஏழைகள் மடத்துக் காட்சி மட்டும் எனக்குச் சொல்லியிருக்காது. மூன்று வருடம் கழித்து ஹவுப்ட்மான் எழுதிய 'மூழ்கிய மணி' முழுக்க முழுக்க வனதேவதைக் கதை. அமோகமாக ஓடியது. எனக்கு அதில் ஒட்டவில்லை, அந்தக் கனவு யாருடைய கட்டிலில் இருந்து வருகிறது என்று தெரியவில்லை.

இந்த நாடகங்களுக்காகப் பேர்லின் அடிபட்டுக்கொண்டிருந்தபோது நான் இருக்கும் நொய்கெல்ன் பேர்லினோடு சேர்ந்திருக்கவில்லை. றிக்ஸ்டோர்ப் என்ற பெயரில் தனி ஊர், வேலையாட்கள் வந்து குவிந்துகொண்டிருந்த ஊர். 1912இல்தான் பெயரை மாற்றினார்கள், 1920இல் பேர்லினோடு சேர்த்தார்கள். அதற்கு வெகு முன்னரே, 1737இல், மதத்துக்காகப் பொஹீமியாவில் இருந்து தப்பி வந்த அகதிகளை இங்கே குடியேற்றியிருந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். றிச்சார்ட் சதுக்கத்துப் பக்கம் நடந்தால் அந்தத் தாழ்வான வீடுகளை இன்றைக்கும் பார்க்கலாம். ஹவுப்ட்மானின் பாட்டனும் சிலேசியாவில் நெசவாளிதான். 1844இல் அங்கே நடந்த நெசவாளர் கிளர்ச்சியை அவர் 'நெசவாளர்கள்' என்ற நாடகமாக்கினார், முதலில் சிலேசியப் பேச்சுமொழியிலேயே. பொலிஸ் தடைசெய்தது. 1894இல் ஜெர்மன் தியேட்டரில் பகிரங்கமாக மேடையேறியபோது, பேரரசர் அந்த அரங்கில் தனக்கிருந்த ஆசனப் பகுதியை வேண்டாம் என்று விட்டுவிட்டார். பட்டினி கிடக்கும் சனம் தங்கள் வீட்டுப் பாஷையில் மேடையில் நின்று அழுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுப் பாஷையில் அழுவது என்றதும் எனக்குப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நினைவு வரும். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' போன்றவை அடங்கிய 'நாநாடகம்' 1940இல் வந்தது. புலோலிக்காரர் ஒருவர் பருத்தித்துறைச் சந்தையில் பேசுவதுபோல மேடையில் பேசலாம் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். அதே மனிதர்தான் தேயோடர் ஸ்டோர்ம் எழுதிய 'இம்மென்ஸே' என்ற ஜெர்மன் கதையைத் தழுவிப் 'பூஞ்சோலை' எழுதினார். கைகூடாத காதலை ஒரு கிழவர் நினைத்துப் பார்க்கிற, மனோரதியம் சொட்டுகிற கதை. ஒரே கைக்குள் இரண்டும் இருந்தன. ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. பேச்சுத் தமிழ் நாடகங்களில் கூடுதலும் சிரிக்க வைத்தது, ஏக்கம் கதைப் புத்தகத்துக்குள் போனது.

அந்தப் பிரிவினை எங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது என் எண்ணம். 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' வந்த பிறகு பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தின் பக்கம் போனார். 'இராவணேசன்' போன்றவை வந்தன. நல்லதுதான். யுத்த காலத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' பாட்டும் குழுவுமாக ஊர் ஊராகப் போனது, அந்தத் துயரத்தை நாலு சுவருக்குள் வைத்துச் சொல்லியிருக்க முடியாது. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளைப் பற்றி அவரே 'எந்தையும் தாயும்' எழுதினார், எங்களைப் பற்றிய நாடகம். மஹாகவி 'கோடை'யில் பேச்சையே பாட்டின் சந்தத்துக்குள் கொண்டுவந்து காட்டினார். இருந்தும் பொதுவாக எங்கள் சபைகளில், வீட்டுத் தமிழ் பேசினால் சனம் சிரிக்கத் தயாராகிவிடும். அழ வேண்டுமென்றால் செந்தமிழும் புல்லாங்குழலும் வேண்டும்.

பேர்லினில் நான் பார்த்த விழா நாடகங்களில் இது இன்னும் முற்றிப்போயிருந்தது. கிடுகு வேலி, துலா, பனை, சாரம் கட்டிய அப்பு, பனையோலைப் பெட்டி. பெட்டி உண்மையான பெட்டி, ஊரில் இருந்து ஆரோ கொண்டுவந்தது. பேச்சும் சுத்த யாழ்ப்பாணம். பார்க்கிறவர் யதார்த்தம் என்றுதான் சொல்வார். ஆனால் அந்த முற்றத்தில் யாருக்கும் கடன் இல்லை, சாதி இல்லை, சீட்டுக்காசு பிரச்சினை இல்லை. 'மூழ்கிய மணி'யின் வனதேவதைகள் சாரம் கட்டிக்கொண்டு வந்தமாதிரி. அந்தக் கனவு மேடையில் நிற்கிற அப்புவுடையது அல்ல, மண்டபத்தில் ஜக்கெற்றோடு இருக்கிற எங்களுடையது. எங்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்புவிடம் யாராவது கேட்டார்களா?

இவ்வளவையும் நான் யோசிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஓர் அக்கா. பிறிற்ஸில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நாங்கள் ஐந்தாறு பேர் சனிக்கிழமைகளில் ஒரு சிறிய நாடகம் பழகி வருகிறோம். கதை அந்த அக்காவினுடையது. 1986இல் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, பிரீட்றிக் வீதி நிலையத்தால் மேற்குப் பக்கம் வந்தவர். இரண்டு வயது மகனைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தார், ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று. கையில் கிடைத்தது 'டுல்டுங்', நாடுகடத்தலைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்கிற கடதாசி. அதை வைத்துக்கொண்டு பிள்ளையை எடுக்க முடியாது. விசா கிடைத்தபோது பாதை இல்லை. பாதை திறந்தபோது மகன் வரமாட்டேன் என்றான். 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அக்கா கதையைத் தந்தபோது இரண்டு நிபந்தனை போட்டார். பேரை மாற்ற வேண்டும். "பெடியனைச் செத்ததாக் காட்டக்கூடாது. இருக்கிறான் எண்டும் காட்டாதேங்கோ, தம்பி."

எங்களுக்குள் தகராறு அங்கேதான் தொடங்கியது. தாயாக நடிக்கும் பிள்ளை இங்கே பிறந்தவள். அவளுக்கு 'ஸெலிக்கெ குடும்பம்' மாதிரி வேண்டும். பின்கட்டு வீட்டு மூன்றாம் மாடிக் குசினி, விடிய நாலு மணி, கந்தோர் துடைக்கப் போவதற்கு முன் ஒரு பெண் தேத்தண்ணி வைக்கிறாள், அவ்வளவும்தான். "அங்கிள், கனவு போட்டா ஆக்கள் அழுவினம். அழுதா அவையளுக்குச் சுகமாப் போயிடும்." எங்களில் மூத்தவர், நல்லாகப் பாடுவார், அவருக்குக் கனவு வேண்டும். நீல வெளிச்சம், வெள்ளைச் சேட்டோடு மகன், ஒரு தாலாட்டு. "வாழ்க்கை முழுக்கக் குசினிக்குள்ள நிண்ட மனிசியை மேடையிலயும் குசினிக்குள்ளயே விடுறதோ? பாவமில்லையோ?" இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் ஹன்னெலெயைச் சொன்னேன். கனவு போடுவதானால் அக்காவுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் போடுவோம் என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் அதில் உள்ள சிக்கல் எல்லாருக்கும் தெரிந்தது. அக்காவுக்கு எந்த மகனைத் தெரியும்? அவர் தூக்கி வைத்திருந்தது இரண்டு வயதுப் பிள்ளையை. பிறகு கசற்றில் ஒரு குரல், நாலைந்து படம், ரெலிபோனில் உடைந்து வந்த இன்னொரு குரல். வெள்ளைச் சேட்டோடு வரும் இருபத்தைந்து வயதுக்காரனை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. மூலையில் இருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம், கனவில் அவன் எப்படி வருவான் என்று.

"சின்னன்தான். ரெண்டு வயசுதான். ஆனா சேட்டு பெரிசு, நிலத்தில இழுபடும்."

ஒவ்வொரு வருடமும் அளவை யோசித்து யோசித்து ஊருக்குச் சேட்டு அனுப்பியவர் அவர். வளர்த்தி தெரியாததால் எப்போதும் ஓரளவு பெரிதாகவே வாங்குவாராம். 2009க்குப் பிறகும் வாங்கினார். அனுப்ப விலாசம் இல்லை.

எந்த நாடகாசிரியருக்கும் தோன்றியிருக்க முடியாத கனவு அது. அதிலே மனோரதியம் எது, யதார்த்தம் எது என்று பிரிக்க என்னால் முடியவில்லை. அதை எப்படி மேடையில் காட்டுவது என்பது வேறு பிரச்சினை. இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து பெரிய சேட்டுப் போட்டு நடக்கவிட்டால் சனம் 'ஐயோ' என்று கைதட்டும், நாடகம் அதோடு போய்விடும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை முடிவு. ஹவுப்ட்மானிடம் ஒரு வைத்தியர் இருக்கிறார். அவர் குனிந்து பார்த்துச் சொன்னதும் கனவு கனவாகிறது, சாவு சாவாகிறது, நாங்கள் கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே யார் வந்து சொல்வது? இலங்கையில் காணாமற்போனோர் பற்றி ஒரு அலுவலகம் இருக்கிறது. ஆள் இல்லை என்று மட்டும் சொல்கிற, இறந்துவிட்டார் என்று சொல்லாத ஒரு சான்றிதழும் 2016இல் சட்டத்துக்குள் வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் குந்திய தாய்மார் கேட்டது வேறு. எங்கள் பிள்ளைகள் எங்கே என்பதற்குப் பதில் கேட்டார்கள், கடதாசி கேட்கவில்லை. அவர்கள் மடியில் வைத்திருக்கும் படங்களில் பிள்ளைகளுக்கு வயது ஏறுவதில்லை. பதில் கேட்டபடியே செத்துப்போன தாய்மாரும் உண்டு. வைத்தியர் வராத வீட்டில் கனவை முடித்துவைக்க ஆளில்லை. அக்காவின் இரண்டு நிபந்தனையையும் சேர்த்துப் பார்த்தால் அவர் சொன்னதும் அதுதான்.

இப்போதைக்கு நாங்கள் வந்து நிற்கும் இடம் இது. நீல வெளிச்சம் இல்லை, பாட்டு இல்லை. மூத்தவருக்கு இன்னும் மனத்தாங்கல், ஆனால் ஒத்திகைக்கு ஒழுங்காக வருகிறார், ரேடியோவில் வரும் ஜெர்மன் குரலுக்கு அவர்தான் பொறுப்பு. மேடையில் குசினி மட்டும். விடிய நாலு மணி. தாய் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வேலைக்குப் போக முன்னர் ஒரு ஆம்பிளைச் சேட்டை அயன் பண்ணுகிறாள். கடையில் மடித்து வைத்த மடிப்பு அதில் இன்னும் போகவில்லை. அதைக் கொழுவியில் போட்டு அலுமாரிக் கதவில் மாட்டுகிறாள், வழமையாக மாட்டுவதைவிட மிகக் கீழே, அடி நிலத்தில் முட்டும்படி. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது, அடுப்பைக் குறைக்கிறாள், சத்தம் மேல் மாடிக்குப் போய்விடுகிறது. லைற்றை நிற்பாட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள்.

சனத்துக்கு விளங்குமா என்று மூத்தவர் கேட்கிறார். விளங்காதவர்களும் இருப்பார்கள். போன சனிக்கிழமை அந்தக் காட்சியை முதல் தரம் முழுதாகச் செய்து பார்த்தோம். முடிந்ததும் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு எழும்பி வந்து, நடிக்கும் பிள்ளையின் கையில் இருந்து அயன் பெட்டியை வாங்கினார்.

"கொலரை முதல்ல தேய்க்கோணும் பிள்ளை. உள்பக்கம். பிறகுதான் கை."